ஈயமா, லித்தியமா? பழைய காருக்கு எந்த பேட்டரி?



எதிரணி நண்பர் ஈய பேட்டரிக்காக நன்றாகவே வாதாடினார். விலை குறைவு என்றார். ஈப்போவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார். செத்துப்போனால் பழைய இரும்புக்காரரே காசு கொடுத்து எடுத்துக்கொள்வார் என்றார். மூன்றும் உண்மை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் அவர் போட்டுக் காட்டவில்லை. அதை நான் போடுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கைத்தொழில் தெரிந்த ஒரு தம்பி, பழைய கஞ்சிலின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறிய கார் கிலோமீட்டருக்குச் சுமார் 150 வாட் மணி எடுக்கும். 60 கிலோமீட்டருக்கு 9 கிலோவாட் மணி, அதாவது மின்கட்டண பில்லில் வரும் 9 யூனிட்.

ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் சரசரவென்று குறையும். ஆகவே 9 யூனிட் வேண்டுமானால் 18 யூனிட் சுமக்க வேண்டும். கிலோவுக்கு 35 வாட் மணி என்று பார்த்தால் 500 கிலோவைத் தாண்டும். கஞ்சிலின் எடையே ஏறத்தாழ 700 கிலோதான்! எட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு தினமும் வேலைக்குப் போவதற்குச் சமம். பிரேக்கும் ஸ்பிரிங்கும் என்ன ஆகும்?

இன்னொன்று. பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் கொள்ளளவு, பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கினால் கிடைப்பது. கார் ஓட்டும்போது ஒரு மணி நேரத்தில் இறக்குகிறோம். அப்போது கிட்டத்தட்ட 60 விழுக்காடுதான் தேறும். காரை ஸ்டார்ட் செய்யும் சாதாரண பேட்டரியை வரிசையாக அடுக்குவது அதைவிட மோசம்; சில மாதங்களில் படுத்துவிடும். கோல்ஃப் மைதானத்து வண்டியில் இருப்பதுபோன்ற ஆழ இறக்க பேட்டரியாவது வேண்டும். அதற்கும் வெயில் எதிரி. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அத்துறையின் கணக்கு.

பெங்களூரில் 2001-இல் வெளிவந்த ரேவா கார் 6 வோல்ட் ஈய பேட்டரிகள் எட்டில் ஓடியது. ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் என்றார்கள். 2009-இல் அதே நிறுவனமே லித்தியத்துக்கு மாறி 120 கிலோமீட்டர் என்றது. கார் செய்தவர்களே ஈயத்தை விட்டு நகர்ந்த பிறகு நாம் ஏன் அதைக் கட்டி அழ வேண்டும்?

லித்தியம் என்றதும் "தீப்பிடிக்குமே" என்பீர்கள். லித்தியத்தில் பல சாதி உண்டு. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் சூடேறிக் கட்டுமீறினால் அடக்குவது கடினம். விபத்துக் காரிலிருந்து கழற்றிய அந்த வகை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, பலகை வீட்டை ஒட்டிய கொட்டகையில் இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

நான் பரிந்துரைப்பது இரும்பு பாஸ்பேட் வகை. இதன் பின்னால் ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது. மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம் 1980களில் ஜான் குட்இனஃபுடன் செய்த ஆராய்ச்சி திறந்த பாதையில்தான், 1997-இல் குட்இனஃப் குழு இந்த இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தது. 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவரும் மந்திரமே. தஞ்சோங் மாலிமில் ஆலை வைத்திருக்கும் புரோட்டோன், 2024 டிசம்பரில் வெளியிட்ட இ.மாஸ் 7 மின்காரில் இருப்பதும் இதே வகைதான்.

80 விழுக்காடு வரை தாராளமாக இறக்கலாம். நம் தம்பிக்கு 11 யூனிட் சொச்சம் போதும். எடை சுமார் 115 கிலோ. ஈராயிரம் முறைக்கு மேல் சார்ஜ் தாங்கும். உறைகுளிரில் சார்ஜ் செய்யக்கூடாது என்ற குறை ஒன்று உண்டு. அது கேமரன் மலைக்குப் போனாலும் நமக்கு வராது.

முதல் செலவு கூடத்தான், மறுக்கவில்லை. ஒவ்வொரு செல்லும் 3.2 வோல்ட், 30 செல் சேர்ந்தால் 96 வோல்ட். ஒரு செல்கூட 3.65 வோல்ட்டைத் தாண்டாமல், 2.5-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மேலாண்மைக் கருவி கட்டாயம். அதில் காசு மிச்சம் பிடிப்பவர் பேட்டரியையே இழப்பார்.

பேட்டரி வாங்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போங்கள். அனுமதியில்லாமல் இயந்திரத்தை மாற்றுவது சட்ட விரோதம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். பழைய செல் வாங்குவதென்றால் வோல்ட் பார்த்து ஏமாறாதீர்கள், இவ்வகையில் பாதி தீர்ந்த செல்லும் நிறைந்த செல்லும் ஏறத்தாழ ஒரே வோல்ட்தான் காட்டும். முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, எத்தனை ஆம்பியர் மணி வருகிறது என்று உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.