வேலைக் கடிதமும் வீட்டுக் கணக்கும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா மேடையில் கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுவது வழக்கம். அதைப் பேச இன்று எம்மிலும் வல்லவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நாம் வேறொன்றைப் பேச எண்ணினோம். அண்மைக் காலத்தில் எமது இளைய மாணவிகள் சங்கத்திடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, வெளியில வேலை ஒண்டு கிடைச்சிருக்கு. போகலாமோ?" என்பதே அது. கேட்பவர்கள் கணக்காளர்கள், தாதிய உத்தியோகத்தர்கள், கணினித் துறையினர், ஆசிரியைகள். பெரும்பாலோர் திருமணமானவர்கள். பிள்ளைகளும் இருக்கிறார்கள், வயதான பெற்றோரும் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி எமது சமூகத்துக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் புகையிரத நிலைய உத்தியோகத்தர்களாகவும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். அங்கிருந்து வந்த மணியோடரில் இங்கே கல்வீடுகள் எழுந்தன, காணிகள் வாங்கப்பட்டன, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். 'மலாயன் பென்சனியர்' என்ற சொல்லே எமது ஊர்களில் ஒரு மரியாதைப் பட்டமாக நிலைத்தது. ஆனால் 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தபோது கடிதமும் காசும் நின்றன. போர் முடியும்வரை மூன்றரை ஆண்டுகள், மணியோடரை மட்டுமே நம்பியிருந்த வீடுகளை இங்கிருந்த பெண்கள் தோட்டத்தாலும் கோழியாலும் காதில் கழுத்தில் கிடந்ததாலும் நடத்தினார்கள்.

அன்று போனவர் அப்பா. வீட்டைக் கொண்டு நடத்தியவர் அம்மா. இன்று வேலைக் கடிதம் மகளின் பெயருக்கே வருகிறது. அது இந்தக் கல்லூரியும் இதைப் போன்ற கல்லூரிகளும் நூறு ஆண்டுகளாகச் செய்த வேலையின் பலன், அதில் எமக்குப் பெருமை உண்டு. ஆனால் அம்மா செய்த வேலையை இப்போது யார் செய்வது என்ற கேள்விக்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. அந்தப் பதிலைக் காசிலும் காலத்திலும் எழுதிப் பார்த்த பின்பே கையொப்பம் இட வேண்டும் என்பதுதான் நாம் இன்று சொல்ல வந்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கொழும்பில் மாதம் மூன்று இலட்சம் ரூபா சம்பளம் பெறும் ஒரு கணக்காளர். கணவர் வங்கியில் வேலை. பத்து வயதில் ஒரு பிள்ளை, இரண்டு வயதில் ஒரு பிள்ளை. பகலில் சின்னவனைப் பார்ப்பவர் அம்மம்மா. வரியும் ஊழியர் சேமலாப நிதியமும் போக அந்தப் பெண்ணின் கைக்கு இரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது. இலண்டனில் ஆண்டுக்கு 42,000 பவுண் சம்பளத்தில் ஒரு வேலை வருகிறது. வருமான வரியும் தேசிய காப்புறுதியும் கழிந்தால் மாதம் ஏறக்குறைய 2,800 பவுண். ஒரு பவுண் 400 ரூபா என்று பெருக்கினால் பதினொரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா! வீட்டில் எல்லோருக்கும் அன்று இரவு நித்திரை வராது.

இங்கேதான் நிதானம் வேண்டும். சம்பளத்தை ரூபாவுக்குப் பெருக்குகிறோம், செலவைப் பெருக்குவதில்லை. இலண்டனின் வெளிப்புறத்தில் இரண்டு அறை வீடு 1,500 பவுணுக்குக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கவுன்சில் வரி 150, மின்சாரம், காஸ், தண்ணீர் எல்லாமாக 200, போக்குவரத்து 180, நான்கு பேருக்குச் சாப்பாடு 500 என்று சிக்கனமாகவே வைப்போம். கூட்டினால் 2,530. ஓய்வூதியப் பங்களிப்பையும் கழித்தால் மிஞ்சுவது இருநூறு பவுணுக்கும் குறைவு. இன்னும் உடுப்பு வாங்கவில்லை, ஊருக்கு ஒரு சதமும் அனுப்பவில்லை, சின்னவனை நேர்சரியில் சேர்க்கவும் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு முழுநாள் நேர்சரி மாதம் ஆயிரம் பவுணைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

அந்த ஆயிரம் பவுணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கே அந்த வேலையை அம்மம்மா செய்துகொண்டிருந்தார். சோறு ஊட்டினார், நித்திரையாக்கினார், காய்ச்சல் வந்தால் இரவிரவாக விழித்திருந்தார். வீட்டுக் கணக்கில் அவருக்கென்று ஒரு வரி எழுதப்பட்டதில்லை. வேறொரு நாட்டின் நேர்சரி விலைப்பட்டியலைப் பார்த்த பிறகுதான் அவர் மாதந்தோறும் எவ்வளவு தந்திருக்கிறார் என்பது தெரிகிறது. அதே அம்மம்மாவுக்கு நாளை முழங்கால் தேயும், கண்ணில் புரை விழும். அப்போது அவரைப் பார்க்க ஆள் வைப்பதற்கும் அவசரத்துக்குப் பறந்து வருவதற்கும் ஆகும் செலவு அதே கணக்கின் அடுத்த பக்கம்.

அடுத்தது, விமானம் ஏறுமுன் கட்ட வேண்டிய காசு. பிரித்தானியாவில் திறன்மிகு தொழிலாளர் விசாவில் போகிறவர்கள் சுகாதாரக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். 2024 பெப்ரவரி முதல் அது பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண், பிள்ளை ஒருவருக்கு 776 பவுண். நாம் பார்த்த குடும்பத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 10,866 பவுண், அதாவது 43 இலட்சம் ரூபாவுக்கு மேல். விசாக் கட்டணமும் பயணச்சீட்டும் வீட்டு முற்பணமும் வேறு. மருத்துவ, பராமரிப்புத் துறை விசாவில் போகும் தாதியருக்கு இந்தச் சுகாதாரக் கட்டணம் இல்லை. ஆகவே தோழி ஒருத்தி போன செலவைக் கேட்டு அதையே தன் செலவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை வழங்குபவர் எதை ஏற்கிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே காசு வாங்குவதைச் சில துறைகள் தவிர்த்துப் பிரித்தானியச் சட்டம் தடைசெய்கிறது. அப்படிக் கேட்கும் முகவரிடம் நகையை அடகுவைத்துக் கொடுக்க வேண்டாம். இங்குள்ள முகவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உண்டா என்று பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்குங்கள்.

பிள்ளைகளின் வயதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். பிரித்தானியாவில் அரச பாடசாலையில் கட்டணம் இல்லை. ஆனால் வேலை விசாவில் இருக்கும் குடும்பத்துக்குப் பிள்ளைகளுக்கான அரச கொடுப்பனவு போன்ற உதவிகள் பொதுவாகக் கிடையாது. ஐந்து வயதில் போகும் பிள்ளையின் நிலை வேறு, க.பொ.த. சாதாரண தரத்துக்கு முதல் வருடம் போகும் பிள்ளையின் நிலை வேறு. பதினைந்து வயதில் போகிறவர், நிரந்தர வதிவிடம் கிடைக்குமுன்பே பல்கலைக்கழக வாசலில் நிற்பார். உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணத்துக்கு இங்கிலாந்தில் அரசு உச்ச வரம்பு வைத்திருக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கு அந்த வரம்பு இல்லை. அந்த வேறுபாடு சில வருடச் சேமிப்பை ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

வளைகுடா நாடுகளின் கணக்கு வேறு மாதிரியானது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் வெளிநாட்டவரின் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணம் செலுத்தும் தனியார் பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். வேலை போனால், குறித்த அவகாசத்துக்குள் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால், தங்கும் உரிமையும் போய்விடும். அங்கே கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை. சேவை முடிவில் தரும் பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணிக்கப்படுகிறது. மொத்தம் 8,000 திர்ஹம், அதில் அடிப்படை 4,000 என்றால் ஓர் ஆண்டுக்குக் கிடைப்பது 2,800 திர்ஹம்தான். இங்கே மூன்று இலட்சம் பெறுபவருக்கு வேலை வழங்குபவர் சேமலாப நிதியத்துக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதமும் சேர்த்து மாதம் 45,000 ரூபா போடுகிறார். அதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். சேமலாப நிதியை எடுத்து விசாவுக்குக் கட்டுகிறவர் தன் முதுமையிலிருந்து கடன் எடுக்கிறார்.

சகோதரிகளே, இவ்வளவும் சொன்னதால் போக வேண்டாம் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2022 இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த எமது நாணயம் சில மாதங்களில் 360 ஐத் தொட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. காஸ் வரிசையிலும் எரிபொருள் வரிசையிலும் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் ரூபாவில் சேமித்தவர்கள், எந்தப் பிழையும் செய்யாமலேயே பாதியை இழந்தார்கள். 2023 ஜனவரியில் வருமான வரி 36 வீதம் வரை உயர்ந்தபோது உத்தியோகத்தர்கள் பலர் கடவுச்சீட்டைத் தேடியதில் வியப்பில்லை. போகிறவரைப் பேராசைக்காரி என்றும் இருக்கிறவரைத் துணிவில்லாதவர் என்றும் பேசும் வாயை நாம் மூட வேண்டும்.

ஆகவே, கடிதம் கையில் கிடைத்தால் ஒரு கொப்பியை எடுத்து மூன்று விடயங்களை எழுதுங்கள் என்று கேட்கிறோம்.

முதலாவது, இரண்டு நாட்டுக்கும் மாதக் கணக்கு, அந்தந்த நாட்டுக் காசிலேயே. மாத முடிவில் மிஞ்சுவதை மட்டும் ரூபாவுக்கு மாற்றுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த இரண்டு மிச்சங்களைத்தான்.

இரண்டாவது, கணவரின் வேலை. இங்கே வங்கியில் மேசையில் இருப்பவர் அங்கே முதல் இரண்டு வருடம் களஞ்சியத்தில் இரவு வேலை செய்ய நேரலாம். அவர் இரவிலும் மனைவி பகலிலும் வேலைக்குப் போனால் நேர்சரிக் காசு மிஞ்சும், ஆனால் இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடும் நாள் குறையும். அதற்கு இருவரும் மனமொத்து ஆம் என்றால் போகலாம். ஒருவர் மட்டும் ஆம் என்றால் அந்தக் கடன் வட்டியோடு வளரும்.

மூன்றாவது, எல்லை. எத்தனை வருடம், எவ்வளவு சேமிப்பு, எது நடந்தால் திரும்புவோம் என்பதை எழுதி இருவரும் திகதி இடுங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியே போகிறவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். "முதலில் நான் போகிறேன், பிறகு எடுக்கிறேன்" என்ற பேச்சு நாட்டின் விதியை நம்பிச் சொல்லப்படுவது. 2024 மார்ச் 11 முதல் பிரித்தானியாவுக்குப் புதிதாகப் போகும் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது என்று விதி மாறியது. இப்படியொரு மாற்றம் வந்தால் என்ன செய்வது என்பதைப் போகுமுன் பேசிவைக்க வேண்டும். அரச சேவையில் இருப்பவர்கள் பதவி விலகுமுன் சம்பளமற்ற விடுமுறை பற்றித் தமது திணைக்களத்தில் கேளுங்கள். 2022 இல் ஐந்து ஆண்டுவரை அப்படிச் செல்ல வழி திறக்கப்பட்டது. இன்றைய நிலையை அறிந்துகொண்டால் திரும்பி வரும் கதவு திறந்திருக்கக் கூடும்.

கடைசியாக, இந்த மலரை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் டுபாயிலும் இருந்து வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு நீங்கள் அனுப்பிய கட்டட நிதிக்கும் நூல்களுக்கும் நன்றி. இம்முறை வேறொன்றையும் கேட்கிறோம். உங்களிடம் விசாரிக்கும் இளைய மாணவிகளுக்குப் பனியில் எடுத்த படத்தோடு உங்கள் மாதக் கணக்கையும் அனுப்புங்கள். முதல் வருடம் என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மாதத்தில் கடன் தீர்ந்தது, பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் யாரைக் கூப்பிட்டீர்கள், அம்மாவின் செத்த வீட்டுக்கு வர முடிந்ததா என்பதையும் சொல்லுங்கள். வாழ்க்கை நன்றாக அமைந்திருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். ஏஜென்சிக்காரரோ விளம்பரமோ இதைச் சொல்லப்போவதில்லை. ஒரே வகுப்பறையில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்தான் சொல்ல முடியும்.

இந்த நூற்றாண்டு ஆண்டிலிருந்து அப்படிக் கேட்பவரையும் சொல்பவரையும் இணைத்துவைக்கும் வேலையைச் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். எமது ஆசிரியைகள் கணிதம் படிப்பித்தபோது விடையை மட்டும் எழுதினால் புள்ளி தந்ததில்லை, செய்கையையும் காட்டச் சொன்னார்கள். போவதோ இருப்பதோ, விடை ஒவ்வொரு வீட்டுக்கும் வேறுபடும். செய்கையை மறைக்காமல் ஒருவருக்கொருவர் காட்டுவோம்.