பெட்டி மேல 450, உள்ளே எவ்வளவு?

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறீங்களா? ரிச்சி தெருவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இந்த எபிசோடைக் கேட்டுட்டுப் போங்க.

பட்ஜெட் இடிக்கும்போது நாம முதல்ல கை வைக்கிறது எஸ்.எம்.பி.எஸ்ஸில்தான். "கேபினெட்டோடவே 450 வாட் வருதே, போதும்" என்று தோன்றும். சரி, அந்த 450 எங்கிருந்து வந்தது?

எஸ்.எம்.பி.எஸ் மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 3.3, 5, 12 என்று வோல்ட் வரிசை, ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆம்பியர் என்ற கணக்கு. இன்றைய கம்ப்யூட்டரில் புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுது. அதனால அந்தக் கட்டத்தைப் பாருங்க. ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்க. 16 ஆம்பியர்னு போட்டிருந்தா வெறும் 192 வாட்! ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். கூட ஒரு 65 வாட் புராசஸர் சேர்ந்தா 235. கேம் நடுவுல மெஷின் ஆஃப் ஆனா ஆச்சரியமே இல்லை.

12 வோல்ட் ரெண்டு கட்டமாகப் பிரிந்திருந்தால், ரெண்டையும் அப்படியே கூட்டிடாதீங்க. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு உச்ச வாட் தனியா போட்டிருக்கும். அதுதான் கணக்கு.

அடுத்து 80 பிளஸ் முத்திரை. 500 வாட் சப்ளைக்கு 80 சதவீதத் திறன்னா, 400 வாட்தான் கிடைக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்க. 500 முழுசா கிடைக்கும்; அதுக்காக பிளக்கிலிருந்து 625 வாட் இழுக்கும். மிச்சம் 125 வாட் சூடாப் போயிடும். அந்த முத்திரை சொல்வது கரண்ட் சிக்கனத்தை மட்டும்தான். ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பெல்லாம் இருக்கான்னு தனியாத்தான் பார்க்கணும்.

ஸ்டிக்கரே பொய் சொன்னா? மாடல் பேரை 80 பிளஸ் இணையதளப் பட்டியலில் தேடுங்க. நிறுவனத்தின் டேட்டாஷீட்டில், எத்தனை டிகிரி சூட்டில் அந்த வாட்டைத் தொடர்ந்து தரும்னு இருக்கான்னு பாருங்க. 25 டிகிரியில் தருகிற வாட்டை வைத்து சென்னை மே மாசத்தை ஓட்ட முடியாது. 40, 50 டிகிரின்னு போட்டிருந்தா நம்பி வாங்கலாம்.

மட்டமான எஸ்.எம்.பி.எஸ் போகும்போது சில சமயம் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க்னு எல்லாத்தையும் கூட இழுத்துட்டுப் போயிடும். கார்டை வாரண்டியில் மாத்திக்கலாம். அந்த டிஸ்க்கில் மட்டும் இருந்த அக்கா கல்யாண போட்டோவை எந்தக் கடையில் மாத்துவீங்க?

கேபினெட்டோட விளக்கு கொஞ்சம் குறையட்டும், பரவாயில்லை. ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்து, பெருக்கிட்டு, அப்புறம் காசு கொடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!