முதுமையும் மூட்டு வலியும்: அப்பர் பெருமான் காட்டும் நெறி

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்



அன்னை பாகம்பிரியாளுடன் தூத்துக்குடியில் எழுந்தருளியிருக்கும் சங்கர ராமேசுவரப் பெருமானின் திருவடிகளை வணங்கி, முதியோர் அனைவருக்கும் உரிய ஒரு பொருளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். புராணம் சொல்ல வேண்டியவர் முழங்காலைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் புன்னகைக்கலாம். சற்றே எண்ணிப் பாருங்கள். பல்லாண்டுகள் பிரதோஷம் தவறாமல் வந்த ஒருவர் திடீரென வருவதை நிறுத்திவிடுகிறார். பக்தி குறைந்ததனால் அன்று. வாயிற்படி ஏற முடியவில்லை. தரையில் அமர்ந்தால் எழ முடியவில்லை. நாலு பேர் பார்க்கப் பிறர் கைதூக்கி எழுப்ப வேண்டியிருக்கிறதே என்னும் கூச்சம். கோயில் நின்றது, அடுத்துக் கடைத்தெரு நின்றது, பின்னர்த் திண்ணையே உலகமாயிற்று, முடிவில் கட்டிலே கதியாயிற்று. மூட்டு வலி உயிரைக் கொல்லும் நோயன்று என்பர். ஆனால், உயிரோடிருக்கும் மனிதரை உலகத்தினின்றும் பிரித்து வைக்கும் நோய் அது. எழுபதைக் கடந்த எனக்கும் என் முழங்கால் நாள்தோறும் இப்பாடத்தை நடத்திவருகிறது.

உழைத்த கரை

நம் கரை உடலுழைப்பால் வாழ்ந்த கரை. கொற்கைத் துறையின் முத்து கடல் கடந்து சென்றது. ஆற்று மண் சேர்ந்து கடல் விலகவே, கொற்கை இன்று கரையினின்றும் தள்ளிய சிற்றூராய் நிற்கிறது. துறைமுகப் பெருமை தூத்துக்குடிக்கு வந்தது. தோணியில் மூட்டை ஏற்றியவர்கள், உப்பளப் பாத்தியில் வெறுங்காலுடன் நின்று குனிந்து உப்பு வாரியவர்கள், கடலினின்றும் வலை இழுத்தவர்கள், நாள் முழுதும் அடுப்படியிலே நின்ற தாய்மார்கள் ஆகிய இவர்களுடைய மூட்டுகளின் மேல்தான் இவ்வூர் எழுந்தது. அம்மூட்டுகள் முதுமையில் நோவதில் வியப்பில்லை, வெட்கப்படவும் ஏதுமில்லை.

நோவு வந்தபின் நம்மவர் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றுகின்றனர். சிலர், "இனி என்னால் ஆகாது" என்று படுத்துவிடுகின்றனர். வேறு சிலர், "வலியாவது ஒன்றாவது" என்று உடம்போடு சண்டையிட்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து, மறுவாரம் முழுதும் எழ முடியாமல் கிடக்கின்றனர். இரண்டும் ஏற்ற வழியல்ல. அளவறிந்த இயக்கமே வழி என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

மூட்டு உண்ணும் உணவு

எலும்பும் எலும்பும் கூடும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தைபோல் அமைந்துள்ளது. உடம்பின் பெரும்பாலான உறுப்புகளுக்குக் குருதி நேரே சென்று உணவூட்டுகிறது. குருத்தெலும்புக்கோ குருதிக் குழாய் இல்லை. மூட்டினுள் இருக்கும் நீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. நாம் அடி வைக்கும்போது அது அமுங்கிப் பிழியப்படுகிறது. காலை எடுக்கும்போது விரிந்து நீரை உறிஞ்சுகிறது. நனைத்துப் பிழியும் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். அசையாது கிடக்கும் மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு ஆகும். அத்துடன் தொடைத் தசையும் மெலிந்துவிட, உடற்சுமை முழுதும் மூட்டின் மேலேயே விழும். ஓய்வு என்று நினைத்து நாம் செய்வது நோயை வளர்ப்பதாய் முடிகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில், அறுபத்தைந்து வயதைக் கடந்தோரும் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமாக இயங்குதல் வேண்டும் என்று கூறியுள்ளது. ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள், அவ்வளவே. அதனையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டுவதில்லை. பத்துப் பத்து நிமிடமாய்ப் பகிர்ந்து நடக்கலாம்.

அப்பர் பெருமான்

இனி நம் சமயச் சான்றோர் ஒருவரை நோக்குவோம். திருநாவுக்கரசு சுவாமிகள் எண்பத்தோராண்டு வாழ்ந்தார் என்பது வழிவழி வரும் மரபு. அவர் திருக்கரத்தில் ஏந்தியது உழவாரப்படை. திருக்கோயில் முற்றங்களிலே புல்லையும் முள்ளையும் செதுக்கும் பணி, குனிந்து நிமிர்ந்து செய்யும் பணியன்றோ?

அப்பெருமான் முதுமையிலே கயிலைக் காட்சியை விரும்பி வடதிசை நோக்கி நடந்த வரலாற்றைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். காசியைக் கடந்து அருஞ்சுரம் வழியே செல்கையில் பாதங்கள் தேய்ந்தன. கைகளால் ஊன்றிச் சென்றார்; கைகளும் தேய்ந்தன. மார்பினால் ஊர்ந்தார், பின்னர் உருண்டார். எல்லா உறுப்பும் ஓய்ந்த நிலையிலும் கருத்து ஓயவில்லை. அப்போது இறைவன் முனிவர் வடிவில் வந்து, மானிட உடம்பினர்க்கு எய்தலாகாத இடம் அது, மீண்டு செல்க என்கின்றார். அடியவர் மறுக்கின்றார். இறைவன் எழுந்திருக்கப் பணிக்க, தேய்ந்த உறுப்புகள் எல்லாம் முன்போல் நிறைவு பெறுகின்றன. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சி கண்டார் என்பது வரலாறு.

இவ்வரலாற்றிலே அடியவரின் உறுதியை நாம் போற்றுகின்றோம். இறைவனின் செயலையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தேய்ந்த உடம்பை அவன் காணிக்கையாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதனைத் திருப்பித் தந்தான். அடியவர் எட்ட இயலாத மலையை அவர் எட்டும் ஊருக்குக் கொணர்ந்து காட்டினான். உடம்பை வதைப்பது அவனுக்கு உவப்பன்று என்பதே அடியேன் கொள்ளும் கருத்து. அதன் பின் அப்பர் ஓய்ந்து அமர்ந்தாரா? இல்லை. திருப்புகலூரில் இறுதிவரை உழவாரத் திருத்தொண்டு புரிந்தார். கயிலைக்கு நடக்க வேண்டாம். ஆனால் முற்றத்தில் புல் செதுக்குவதை விட வேண்டாம். முதுமைக்கு இதனினும் தெளிவான பாடம் உண்டோ?

முத்துக்குளிப்போர் அறிந்த அளவு

அளவு என்பதை நம் கரையின் முத்துக்குளிப்போர் நன்கு அறிந்திருந்தனர். இங்கு முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில். கல்லின் துணையால் கடலடிக்கு இறங்குபவர், மூச்சு தீரும்வரை அங்கே இருப்பதில்லை. தீருமுன் கயிற்றை அசைத்து மேலே வந்துவிடுவார். ஒரு கல்லுக்கு இருவர் என வைத்துக்கொண்டு, ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாறுவதும் உண்டு. மூச்சு முடியுமுன் எழுபவரே மீண்டும் மூழ்க வல்லார். மூட்டுக்கும் இதே கணக்குத்தான். நடந்து முடித்த இரண்டு மணி நேரத்திற்குள் வலி தணிந்துவிட்டால் அந்நடை உடம்புக்கு ஏற்றது. அதற்கு மேலும் வலி மிகுந்து நின்றால், மறுநாள் நடையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

சில எளிய முறைகளையும் மனங்கொள்க. நாற்காலியில் அமர்ந்தவாறே ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்திப் பின் தாழ்த்துக. இவ்வாறு காலுக்குப் பத்து முறை செய்தால் தொடைத் தசை வலுப்பெறும். ஊன்றுகோலை வலிக்கும் காலின் பக்கத்தில் பிடிப்போர் பலர். எதிர்க் கையில் பிடிப்பதே முறை. படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோகும் கால் முன்னே. உடற்பருமன் உள்ளோர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோச் சுமை குறைகிறது என்று மருத்துவ ஆய்வாளர் கண்டுள்ளனர்.

வழிபாட்டில் குறையில்லை

"விழுந்து வணங்க முடியவில்லையே" என்று வருந்தும் முதியோர் பலர். நம் சைவ மரபு எட்டு உறுப்பும் நிலந்தோய வணங்குவதை மட்டுமா சொல்லியிருக்கிறது? தலையொன்றைத் தாழ்த்தி வணங்கும் ஏகாங்கமும், இரு கைகளையும் தலைமேற் குவித்து வணங்கும் திரியாங்கமும் வணக்க வகைகளே என்று வகுத்துள்ளது. முழந்தாள் மடங்காதவர்க்கு முன்னோர் திறந்துவைத்த வாயில் இது. நாற்காலியில் அமர்ந்து தேவாரம் ஓதினால் பண் பிழைபடாது. பழநியில் இழுவை ரயிலும், 2004 முதல் ரோப் காரும் இயங்குவது எதற்காக? அவற்றில் ஏறிச் சென்றவரின் பக்தி குறைந்தது என்று ஆண்டவன் கணக்கெழுதுவதில்லை. தைப்பூசத்திற்குத் தூத்துக்குடியினின்றும் திருச்செந்தூருக்கு நாற்பது கிலோமீட்டர் அளவு பாதயாத்திரை செல்லும் இளையோருடன் போட்டியிட வேண்டா. பேருந்தில் சென்று, செந்திலாண்டவன் பிராகாரத்தை நிதானமாய் ஒரு முறை வலம் வாருங்கள். வெயிலேறுமுன் வாருங்கள், எண்ணெய் சிந்திய கல்தளத்தில் கால் கவனம்.

மருந்தும் துணையும்

மூட்டு வலி எல்லாம் தேய்மானமன்று. இரு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் விறைப்பு நீடித்தால், அது முடக்குவாதமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே மருத்துவம் செய்யாவிடின் மூட்டுகள் கோணிவிடும். ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து சூடேறிக் காய்ச்சலும் வந்தால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியும், அண்மையில் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் நமக்கு உள்ளன. முறையாகப் பயின்றவரிடம் செல்லுங்கள். இருவகை மருந்தும் உண்போர் இரு மருத்துவரிடமும் அதனைச் சொல்லிவிடுக. கடையில் தாமே வாங்கி நெடுநாள் விழுங்கும் வலி மாத்திரை, இரைப்பையைப் புண்ணாக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெயரும் சேர்மானமும் தெரியாத பொடிகளை அறவே விலக்குக. முடக்கு அற்றான் என்று பெயரிலேயே பொருள் பொதிந்த முடக்கற்றான் கீரையைத் தோசையாகவும் ரசமாகவும் உண்பது நன்றே. ஆயினும் அது உணவு. மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்றன்று.

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியின் அருகிருந்து உதவுபவரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் இதனைச் சொல்கின்றேன். "நீங்கள் பேசாமல் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அன்பினால் வரும் சொல்தான். ஆனால், நாள்தோறும் அதனைக் கேட்கும் தாயும் தந்தையும் தம்மால் இனி யாருக்கும் பயனில்லை என்றே எண்ணத் தொடங்குவர். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். பூத் தொடுக்கட்டும், கீரை ஆயட்டும், பேரனுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கட்டும். மாலையில் அவர்கள் நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொண்டு, கோயில்வரை உடன் வாருங்கள். கழிவறையில் ஒரு கைப்பிடியும், பூசையறையில் ஓர் உயரமான இருக்கையும் அமைத்துத் தாருங்கள்.

முதியோர்களே! வலி முழுதும் நீங்கிய பிறகு நடக்கலாம் என்று காத்திராதீர்கள். இன்று எத்தனை அடி இயலுமோ அத்தனை அடி நடப்போம். திருச்சுற்று முழுதும் இயலாத நாளில் கொடிமரம்வரை வருவோம். அதுவும் இயலாத நாளில் வீட்டு வாசலில் நின்று கோபுரத்தை நோக்கித் தலைமேற் கைகுவிப்போம். மறுநாள் மீண்டும் முயல்வோம். தேய்ந்த பாதத்தோடு தன்னை நாடி வந்தவரை எழுப்பி நிறுத்திய பெருமான், நம் சிற்றடிகளையும் அறிவான்.

திருச்சிற்றம்பலம்