'ம்' கொட்ட ஆளில்லாத பேச்சு



இந்த வானொலி நிலைய ஒலிப்பதிவு அறையில் என் முன்னால் ஒரு மைக் இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் நிலைய ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவர் கவனமெல்லாம் பொத்தான்களில்தான். நான் சொல்வதற்கு 'ம்' கொட்டமாட்டார். முதன்முதலில் இங்கே வந்து பேசியபோது மூன்றாவது நிமிடத்திலேயே எனக்கு நா வறண்டுவிட்டது. கதை கேட்கிற பேரன் 'ம்' கொட்டாவிட்டால், "தூங்கிட்டியாடா?" என்று பாட்டி கதையை நிறுத்திவிடுவாள் அல்லவா? நம்முடைய பேச்சு அப்படிப்பட்டது. எதிரில் இருப்பவர் 'ம்' என்றால் மேலே போவோம். 'அப்படியா' என்றால் விளக்குவோம். சத்தமே இல்லையென்றால் "லைன்ல இருக்கீங்களா?" என்போம்.

அந்த 'ம்' இல்லாமல் பேசவேண்டிய நிலைமை இப்போது எல்லாருடைய சட்டைப்பைக்கும் வந்துவிட்டது. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜைத்தான் சொல்கிறேன். 2013இல் வந்த வசதி. தமிழில் தட்டச்சு செய்ய விரல் பழகாத லாரி டிரைவர், கை ஓயாத கடைக்காரர், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த முதலாளி எல்லோருக்கும் அது வரப்பிரசாதம். நாளொன்றுக்குச் சராசரியாக 700 கோடி குரல் செய்திகள் போகின்றன என்று அந்த நிறுவனமே 2022இல் சொன்னது.

ஆள் இல்லாதபோது குரலை விட்டுச்செல்லும் யோசனை பழையது. டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சன் 1898இல் எஃகுக் கம்பியில் குரலைப் பதியும் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். தொலைபேசிக்காகத்தான் அவர் அதை யோசித்தார். அமெரிக்காவின் கார்டன் மேத்யூஸ் 1979இல் விண்ணப்பித்த வாய்ஸ்மெயில் முறைக்கு 1983இல் காப்புரிமை கிடைத்தது. அங்கே அலுவலகந்தோறும் அது பரவியது. பிறகு சலித்தும் போனது. கோகோ கோலா தன் அட்லாண்டா தலைமையகத்தில் 2014இல் வாய்ஸ்மெயிலையே நிறுத்தியது. நாமோ அந்தக் கட்டத்துக்குள் நுழையவே இல்லை. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், மறுமுனையில் இருப்பவர் திரும்பக் கூப்பிடுவார். அதனால் இயந்திரத்திடம் பேசும் பழக்கம் நமக்கு வரவில்லை. பழக்கமில்லாத கையில் திடீரென்று வாய்ஸ் மெசேஜ் கிடைத்திருக்கிறது.

அதனால்தான் பதிவு செய்யும்போதுகூட "ஹலோ, கேக்குதாங்க?" என்று தொடங்குகிறோம். யாரிடம் கேட்கிறோம்? அடுத்தது, "நான்தான் பேசுறேன்." கேட்பவரின் போனில் நம் எண் பெயரோடு இருந்தால் சரி, இல்லாவிட்டால் எந்த 'நான்'? பெயர், ஊர், கடை மூன்றையும் முதல் மூச்சில் சொல்லிவிட வேண்டும். அடுத்த மூச்சில் காரியம். நலம் விசாரிப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன்; ஒரு வரி போதும். 'ம்' கொட்ட ஆளில்லாததால்தான் ஒரே சேதியை மூன்று விதமாகத் திருப்பிச் சொல்கிறோம், கேட்டவருக்குப் புரிந்ததா என்ற சந்தேகத்தில். கடிதமென்றால் கண்ணை ஓட்டி வேண்டிய வரியைப் பிடிக்கலாம். குரலில் அது நடக்காது. நம்முடைய மூன்று நிமிடம் கேட்பவருடைய மூன்று நிமிடம். வேகமாக ஓடவிட்டுக் கேட்கும் வசதி 2021இல் வந்ததே, அது யாருக்காக வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு நிமிடத்தைத் தாண்டிய வாய்ஸ் மெசேஜ் வியாபாரத்துக்கு ஆகாது என்பது என் கட்சி.

இனி எண்கள். மொத்த வியாபாரக் கடை ஒன்றில் நான் கணக்கு எழுதிய காலம். மிளகாய் வற்றல் அறுபது மூட்டை வேண்டும் என்று ரோட்டில் நின்றபடி வாய்ஸ் போட்டேன். பின்னால் லாரி ஹாரன். வந்து இறங்கியது எழுபது மூட்டை. சரக்கு அனுப்பியவர் என் குரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டினார். எனக்கே அது எழுபது என்றுதான் கேட்டது! அந்த வாரம் விலை வேறு இறங்கிவிட்டது. தவறு என்னுடையது. அன்று முதல் "அறுபது மூட்டை, ஆறு, பூஜ்யம்" என்று உடைத்துச் சொல்வேன். ஐம்பதும் எண்பதும் அப்படித்தான், தொண்ணூறும் தொள்ளாயிரமும் அப்படித்தான். போன் நம்பர் என்றால் நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை. வங்கிக் கணக்கு எண்ணைக் குரலில் சொல்லவே சொல்லாதீர்கள். அதை எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

'நாளைக்கு' என்ற சொல் இன்னும் பொல்லாதது. ராத்திரி பதினொரு மணிக்கு "நாளைக்குச் சரக்கு ஏத்திடுங்க" என்று அனுப்புகிறோம். அவர் காலையில் எழுந்து கேட்கிறார். அவருடைய நாளை வேறு. கிழமையைச் சொல்லுங்கள், தேதியையும் சொல்லுங்கள்.

பாக்கி கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் குரல் எங்கே ஒலிக்கும் என்று நமக்குத் தெரியாது. பாக்கி வைத்தவர் கல்லாவில் உட்கார்ந்து, நாலு வாடிக்கையாளர் நிற்கும்போது, ஸ்பீக்கரில் தட்டிவிடுவார். "அண்ணாச்சி, அந்த நாப்பதாயிரம் என்ன ஆச்சு?" என்று நாம் கடையெல்லாம் கேட்கப் பேசியிருப்போம். பணம் வரலாம், அண்ணாச்சி திரும்ப வரமாட்டார். "ஒரு விஷயம் பேசணும், தோதுப்பட்டா கூப்பிடுங்க" என்பது போதும்.

அதே சமயம், தவணை கேட்பதற்கும் தவறுக்கு வருத்தம் சொல்வதற்கும் குரலை மிஞ்சிய சாதனம் இல்லை. எழுத்தில் "பத்து நாள் பொறுங்கள்" என்பது உத்தரவு போல விறைப்பாக நிற்கும். குரலில் அதே சொற்கள் கைகூப்பி நிற்கும்.

இப்போது பதிந்ததை அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. இன்று நீங்கள் பேசும் முதல் வாய்ஸ் மெசேஜை, அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு தடவை நீங்களே கேட்டுவிடுங்கள். நீங்களே 'ம்' கொட்டிப் பாருங்கள்.