எந்த மேசையில் கேட்பது?

செம்பரம்பாக்கம் என்றதும் முதலில் ஏரி ஞாபகம் வரும். அடுத்து, 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு. அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றில் போனது. தண்ணீர் வடிந்ததும் வீடு திரும்பியவர்கள் பீரோவைத் திறந்து காகிதங்களைத்தான் தேடினார்கள். பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளையின் மார்க் ஷீட், எல்லாம் ஊறிக் கூழாகிக் கிடந்தன. அந்த மாதம் 14ஆம் தேதியிலிருந்து அரசு சிறப்பு முகாம் நடத்தி, கட்டணமில்லாமல் நகல் கொடுத்தது.

அப்படி ஒரு முகாமில் கால்கடுக்க நின்றவருக்குத் தெரியும். என்ன தொலைந்தது என்று சொல்லிவிடலாம். அதை எந்த மேசையில் சொல்வது என்பதில்தான் ஆள் திணறிப்போகிறார். பாட்டன் காலத்திலிருந்து இதே மண்ணில் இருப்பவருக்கே இந்தப் பாடு. கடல் தாண்டி வந்தவரை நினைத்துப் பாருங்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள். சென்னைக்கு அருகே புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் அப்படிப்பட்ட முகாம்கள் உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே இவர்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதெல்லாம் அவ்வப்போது வரும் அரசாணைகளைப் பொறுத்தது. ஆணை மாறினால் படிவமும் மாறும்.

இந்தச் சிக்கலுக்குள் 1984இல் உருவானது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வா என்று ஈழத்தமிழர் அழைக்கும் செல்வநாயகத்தின் மகன், வழக்கறிஞர் சந்திரஹாசன் தொடங்கியது. சத்துணவு, படிப்பு என்று பல வேலைகள் செய்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று வாங்கி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமைக்குப் பதிவு செய்ய வைத்ததுதான். அதைச் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் அகதிகளே. தாங்களே வரிசையில் நின்று பழகியவர்கள்.

சாதாரண வேலை இல்லை அது. இலங்கைக் காகிதத்தில் அப்பா பெயர் முழுதாக முன்னால் நிற்கும். இங்கே பள்ளிக்கூடத்தில் அதை ஒற்றை எழுத்து இனிஷியலாகச் சுருக்கிவிடுவார்கள். முகாம் பதிவேட்டில் எழுதியவர் காதில் விழுந்தபடி மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருப்பார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்தால்தான் அடுத்த மேசைக்குப் போகமுடியும்.

பிறந்த தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், நம் குடியுரிமைச் சட்டம் அப்படி. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்து, அக்கா இந்தியர், தம்பி அகதி என்று ஆகலாம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்; 2022இல் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். வழக்கு நின்றது அந்தப் பிறப்புச் சான்றின் பலத்தில்.

எந்த மேசை என்ற திணறல் வெளிநாட்டிலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இறங்குவதாக பிரிட்டன் அறிவித்த மறுநாள், 1939 செப்டம்பர் 4ஆம் தேதி, அந்த நாட்டில் 200 ஆலோசனை மையங்கள் திறக்கப்பட்டன. குண்டு விழுந்து வீடு போனவரும் ரேஷன் புத்தகத்தைத் தொலைத்தவரும் ஒரே மேசைக்கு வந்தார்கள்.

இப்போது நம் செம்பரம்பாக்கம் பக்கத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஒடிசா, பீகார், அசாமிலிருந்தும் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். பூந்தமல்லிப் பக்கம் அறை எடுத்தால் குடியிருப்பது திருவள்ளூர் மாவட்டம், ஒரகடத்தில் வேலை என்றால் அது காஞ்சிபுரம் மாவட்டம். பி.எஃப். பணம் வரவில்லை என்றால் கம்பெனி கான்ட்ராக்டரைக் கை காட்டும். கான்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். ஊர்க்காரருக்கோ வேறு கவலை: அப்பா பெயரில் இருக்கும் பட்டாவை மாற்ற வேண்டும், நின்றுபோன முதியோர் உதவித்தொகை திரும்ப வர வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் இங்கேயும் ஓர் ஆலோசனை மையம் வேண்டும். ஆனால் ஊர்க்காரருக்கு ஒரு மையம், வந்தவருக்கு ஒரு மையம் என்று பிரிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பிரித்தால், அவனுக்கு மட்டும் என்ன கவனிப்பு என்ற முணுமுணுப்புதான் மிஞ்சும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் பட்டாவுக்கு வந்தவரும் பி.எஃப்.புக்கு வந்தவரும் பேசிக்கொள்வார்கள். படிவத்தை நிரப்ப இ-சேவை மையம் போதும். மனு தள்ளுபடியான பிறகு கூட வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

அப்படி ஒரு மையம் வரும்வரை, இருப்பதையாவது பயன்படுத்துங்கள். குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு இலவசம். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவுவரை போக வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லை என்று ஒதுங்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பேரிடரில் சிக்கியவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி தருகிறது. ஆலைத் தொழிலாளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். குடிமகனாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. மனுவை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.