சேவைக்கு ஓர் அளவுகோல்



சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த வாழவந்தியில் ஒரு காப்பித் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழம் பறிக்கும் பருவம். மாலையில் ஆட்கள் கூடைகளோடு வரிசையில் நிற்கிறார்கள். யார் எத்தனை கிலோ பறித்தார், கூலி எவ்வளவு என்ற கணக்கெல்லாம் ஒரு கம்பெனியின் மென்பொருளில் பதிவாகின்றன. அன்று பார்த்து அது இயங்கவில்லை. பறித்த பழமோ காத்திராது. காலத்தில் தோல் நீக்காவிடில் புளித்துவிடும். இந்த நஷ்டம் யாரைச் சேரும்?

இதற்கு விடை கூறுவதே சேவைத் தர ஒப்பந்தம். மென்பொருள் எவ்வளவு நேரம் தவறாது இயங்கும், பழுதானால் எத்தனை மணியில் சீராகும், தவறினால் என்ன ஈடு என்பவற்றை அது வரையறுக்கிறது.

"மாதத்தில் நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்கும்" என்பார்கள். கேட்க இனிமைதான். ஆனால், 30 நாளைக்கு 720 மணி. அதில் நூற்றில் ஒரு பங்கு 7 மணி 12 நிமிஷம். அத்தனையும் ஒரே வேலை நாளில் நின்றாலும் கம்பெனி சொல் தவறியதாகாது! 99.9 பங்கு என்றால் சுமார் 43 நிமிஷமே. ஆகவே சராசரி மட்டும் போதாது. பறிப்புப் பருவத்தில், எடை போடும் வேளையில், ஒரே தொடர்ச்சியாக எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கே அளப்பது என்பதும் முக்கியம். மழையில் மலைமேல் இணைப்பு அறுந்தால், கம்பெனியின் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும், நமக்குத்தான் பயனில்லை. அத்தகைய தடையைக் கம்பெனிகள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. இணைப்பின்றியும் எடையைப் பதிந்துகொள்ளும் வசதியைக் கேட்டுப் பெறுவதே விவேகம். "புகாருக்கு ஒரு மணியில் பதில்" என்பதும் "ஒரு மணியில் பழுது நீக்கம்" என்பதும் ஒன்றல்ல.

இனி, சட்டம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, மீறலால் இயல்பாக விளையும் நஷ்டத்துக்கும், விளையக்கூடுமென ஒப்பந்த வேளையிலேயே இருதரப்பாரும் அறிந்திருந்த நஷ்டத்துக்கும் ஈடு உண்டு. தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு இல்லை. பழம் கெடும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பது இதற்காகவே.

74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை ஓர் உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான ஈடே கிட்டும். ஃபதே சந்த் வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. நஷ்டமே இல்லாதவிடத்து ஈடும் இல்லை என்று கைலாஷ்நாத் வழக்கில் 2015இல் கூறியது. ஆதலால் நின்ற நேரத்தையும் விளைந்த நஷ்டத்தையும் அன்றன்றே குறித்து வைக்க வேண்டும்.

ஒரு ஷரத்தில் விழிப்பாயிருங்கள். "கட்டணத்தில் கழிவு தருவோம், வேறு பரிகாரம் இல்லை" என்று அது சொல்லும். சில நூறு ரூபாய்க் கழிவு ஒரு நாள் பழத்துக்கு ஈடாகுமா? அடிக்கடி தவறினால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையும், நம் கணக்குகளைத் திரும்பப் பெறும் உரிமையும் கையொப்பத்துக்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை.

எடை மேடையருகே ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும். எந்த ஒப்பந்தமும் அன்று மாலையே கூலி கொடுத்துவிடாது.