பங்கு ஏடுகளில் நம் முன்னோர்

(கல்லறைத் திருநாள் வாரத்தில் ஒலிபரப்பான வானொலி மறையுரை)



கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு பங்கு அலுவலகங்களில் ஒரு கேள்வி வரும். கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, மந்திரித்து முடித்த பிறகு யாராவது ஒருவர் வந்து, “சாமி, எங்க பாட்டனாரோட அப்பா பேரு பழைய புத்தகத்துல இருக்குமா?” என்று கேட்பார். கல்லறைக் கல்லில் இரண்டு மூன்று தலைமுறைப் பெயர்கள்தான் இருக்கின்றன. அதற்கு முந்தியவர்களுக்குக் கல்லும் இல்லை, மேடும் இல்லை. ஊரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, பிழைப்புக்காக மலேசியாவுக்கும் இலங்கை மலையகத்துக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் ஓர் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிய தாளோடு வந்து கேட்கிறார்கள். இது நல்ல தேடல். தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் கட்டளை தாத்தா பாட்டியோடு நின்றுவிடவில்லை.

ஆனால் இந்த ஏடுகளைத் திருச்சபை ஏன் எழுதத் தொடங்கியது என்பதை நாம் தெரிந்திருக்க வேண்டும். குடும்பப் பெருமையைக் காப்பதற்காக அல்ல. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563 நவம்பரில் திருமணம் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. அந்நாளில் ஆண்கள் சிலர் இரகசியமாக ஒரு பெண்ணை மணந்துகொண்டு, பிறகு அவளைக் கைவிட்டு, ஊரறிய வேறொருத்தியை மணந்தார்கள். முதல் பெண்ணின் கையில் சான்று எதுவும் இல்லை. அவள் சொல்லை யாரும் நம்பவில்லை. எனவேதான் பங்குத்தந்தையும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் இருக்க வேண்டும், பெயரும் நாளும் இடமும் ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்று சங்கம் கட்டளையிட்டது. திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயரை எழுதச் சொன்னதும் அதே சட்டம்தான். 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஐந்து ஏடுகளுக்கு மாதிரி வகுத்துக் கொடுத்தது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, பிறகு குடும்பம் குடும்பமாக எழுதும் பங்கு மக்கள் பதிவேடு. ஆக, இன்று நாம் பெருமையோடு புரட்டுகிற ஏட்டின் தொடக்கத்தில், கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணீர் இருக்கிறது.

தேடுகிறவர்களுக்குச் சில வழிகள் சொல்வோம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் தலையெழுத்தாக வருகிறது. ஆகவே ஒரே தாவலில் கொள்ளுப்பாட்டனைப் பிடிக்க முடியாது. உங்கள் பெற்றோரின் திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். அதில் இருவரின் பெற்றோர் பெயரும் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதும் இருக்கும். பாட்டி எந்த ஊரில் பிறந்தாள் என்பதை வீட்டில் மறந்திருப்போம். மாமியார் ஊரின் பெயரே அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். திருமண ஏடு மட்டும் அவளுடைய தாய்வீட்டை மறக்கவில்லை. 1908 முதல், ஒருவர் மணம் முடித்ததை அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. அந்த ஓரக்குறிப்பு அடுத்த ஏட்டுக்கு வழிகாட்டும்.

இன்று தனிப்பங்காக இருக்கும் ஊர் நூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கும். அப்படியானால் ஏடு தாய்ப்பங்கில்தான் இருக்கும். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல்தான் தோன்றியது. கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. “எங்க தாத்தா பேரு ராயப்பன், ஏட்டுல அப்படி ஒருத்தரும் இல்லையே” என்பார்கள். இலத்தீனில் எழுதிய குரு ‘பெத்ருஸ்’ என்று எழுதியிருப்பார். இராயப்பர் என்பது பேதுருவுக்கு நம் முன்னோர் கொடுத்த தமிழ்ப் பெயர். சின்னப்பன் ‘பவுலுஸ்’ ஆகவும், அருளப்பன் ‘யோவான்னெஸ்’ ஆகவும், சூசை ‘யோசேபுஸ்’ ஆகவும் அங்கே இருப்பார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன் எடுத்துக்கொண்ட பெயர் லாசர். தமிழில் அதுவே தேவசகாயம். 2022இல் உலகத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் நம் பெயர்களைத் தங்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார்கள். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பல பெயர்கள் பிடிபடும்.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று மணம் முடிப்பது நம்மிடம் உள்ள வழக்கம். திருச்சபைச் சட்டத்தில் இது இரத்த உறவுத் தடை. ஆயரின் விதிவிலக்கு பெற்றே நடத்த முடியும். அந்த விதிவிலக்கு, உறவின் படியோடு திருமண ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். 1983க்கு முந்திய சட்டத்தில் இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவுக்கும் விதிவிலக்கு வேண்டியிருந்தது. ஆகவே பழைய ஏட்டில், வீட்டில் யாருக்கும் நினைவில்லாத கொள்ளுப்பாட்டன் வழி உறவுகூட ஒற்றை வரியில் கிடைத்துவிடும். அன்று அலைச்சலாகத் தோன்றிய சட்டம் இன்று தேடுகிறவருக்குத் துணை நிற்கிறது.

இறப்பு ஏட்டைத் திறக்கிறவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருடப் பஞ்சத்தை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஏட்டில் அது பெயர்களாக இருக்கும். சிசுக்களின் பெயர்கள் எந்தக் காலத்திலும் அதிகம். சாகும் ஆபத்தில் மருத்துவச்சியோ உபதேசியாரோ தண்ணீர் ஊற்றிய குழந்தைகள் அவை. நம் பாட்டி “எனக்கு எட்டுப் பிள்ளை, நின்னது மூணு” என்று சொன்னாளே, நிற்காத அந்த ஐந்து பேரும் அங்கே இருக்கிறார்கள்.

இனி, நாம் பேசியே ஆகவேண்டிய ஒன்று. திருமுழுக்கு ஏட்டில் சில வரிகளில் தந்தையின் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அல்லது இலத்தீனில் ‘பாத்ரே இக்நோத்தோ’, தந்தை அறியப்படாதவர் என்று இருக்கும். பெருமையோடு தேட வந்தவர் தம் சொந்தப் பாட்டியின் வரியிலேயே அதைக் காணும்போது முகம் மாறிவிடுகிறது. “சாமி, இது வெளியே தெரிய வேண்டாம்” என்பவர்கள் உண்டு. “அந்த இடத்துல ஒரு பேரை எழுதிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது, வீட்டுல பொண்ணு பார்த்துட்டிருக்கோம்” என்று கேட்டவர்களும் உண்டு. அப்படி எழுத எங்களுக்கு உரிமை இல்லை. சான்று இருந்தால் ஆயர் இல்லத்தின் வழியாக முறைப்படி திருத்தலாம். இல்லாத பெயரைச் சேர்க்க முடியாது. தாய்க்கு மணமாகாத நிலையில், ஓர் ஆவணமோ, பங்குத்தந்தை முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் அந்த ஆண் தானே சொன்ன வாக்குமூலமோ இருந்தால் மட்டுமே தந்தையின் பெயரை எழுதலாம் என்று இன்றைய சட்டமும் (எண் 877) சொல்கிறது. அந்த ஆண் வரவில்லை. வராதவனின் வெட்கத்தைக் குழந்தையும் தாயும் சுமந்தார்கள். இன்று பேரப்பிள்ளையும் ஏன் சுமக்க வேண்டும்?

அந்த வரியில் காலியிடத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஞானத்தாயின் பெயர் இருக்கும். பழைய ஏடுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். உபதேசியாரின் மனைவியாகவோ, கோயிலைப் பெருக்கிய கைம்பெண்ணாகவோ இருக்கலாம். ஊர் ஒதுங்கி நின்ற நாளில் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தியவள் அவள். உங்கள் குலவரிசையில் அவளுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

மத்தேயு நற்செய்தியின் முதல் பதினேழு வசனங்களைத் திருப்பலியில் வாசிக்கும்போது மக்கள் கொட்டாவி விடுவது எங்களுக்குத் தெரியும். பெயர், பெயர், பெயர். ஆனால் நடுவில் தாமார் வருகிறாள், மாமனாரிடம் நீதி கிடைக்காதவள். இராகாபு வருகிறாள், எரிகோவின் விலைமகள். ரூத்து வருகிறாள், பிழைக்க வந்த வேற்று நாட்டுக் கைம்பெண். நான்காமவளை உரியாவின் மனைவி என்று சொல்லி, தாவீது அரசரின் பாவத்தையும் மத்தேயு மூடாமல் வைக்கிறார். இவர்களை விட்டுவிட்டு எழுதியிருந்தாலும் கணக்கு சரியாகவே வந்திருக்கும். அவர் விடவில்லை. கடைசியில் யோசேப்பு வருகிறார்: பிள்ளை தன்னுடையது அல்ல என்று தெரிந்தும், வானதூதர் சொன்னபடி மரியாவை ஏற்று, குழந்தைக்குப் பெயரிட்டவர்.

சாதியைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. பழைய ஏடுகள் பலவற்றில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. தங்கள் குடும்பம் இன்னாரைவிட மேல் என்று நிரூபிக்க ஏட்டைத் தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடிவில்லாத குலவரலாறுகளில் மூழ்க வேண்டாம் என்று பவுல் திமொத்தேயுவை எச்சரித்தது (1 திமொ 1:4) இப்படிப்பட்டவர்களுக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கல்லறைத் தோட்டத்தில் நம்மவர்கள் சுவர் வைத்தார்கள், கோயிலில் தனித்தனி இடம் வைத்தார்கள். ஏட்டில் பெரும்பாலும் வரிசை எண் மட்டும்தான். பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த எண், அவர் வயலில் களையெடுத்தவளின் பிள்ளைக்கு. ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே கிறிஸ்மா தைலம்.

“ஏட்டை நாங்களே போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டால் தயங்குகிறோம் என்று சிலருக்கு வருத்தம். காலியிடங்கள் உள்ள ஏடு அது. ஒருவர் தம் வரியைப் படம் எடுத்தால் அடுத்த வீட்டுக்காரரின் வரியும் சேர்ந்தே வரும். தவிர, இறந்தோர் பெயரால் மறுபடி திருமுழுக்கு நடத்தும் மோர்மோன் சபையின் குலவரலாற்று அமைப்புக்குப் பங்கு ஏடுகளைக் கொடுக்க வேண்டாம் என்று 2008இல் உரோமையிலிருந்தே அறிவுறுத்தல் வந்திருக்கிறது. உங்கள் குடும்பத்துக்குரிய சான்றிதழைக் கேளுங்கள், எழுதித் தருவோம்.

ஏடே இல்லாத இடங்களும் உண்டு. கரையான் தின்றிருக்கும், மழை ஒழுகியிருக்கும், பழைய மையே தாளை அரித்திருக்கும். எஸ்ரா நூலில், நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய சில குருக்கள் தங்கள் பெயரைத் தலைமுறை அட்டவணையில் தேடிக் காணாமல், பணியிலிருந்தே விலக்கப்பட்டார்கள் (எஸ்ரா 2:62). திருமுழுக்கைப் பொறுத்தவரை நம் சட்டம் இளகியது. யாருக்கும் பாதிப்பு இல்லையென்றால், நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதும் (எண் 876). உயிரோடு இருக்கும் ஒரு ஞானத்தாயின் சொல் போதும்.

இந்த நவம்பர் மாதம் முழுவதும் நம் பங்குகளில் இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதித் திருப்பலிக்குக் கொடுக்கிறோம். ஏட்டில் தேடும்போது உங்கள் கண்ணில் படுகிற, ஒரு நாள் மட்டும் வாழ்ந்த சிசுவின் பெயரையும், பத்துப் பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்று தனக்கென்று யாருமில்லாமல் போனவளின் பெயரையும் உங்கள் வீட்டாரின் பெயர்களுக்குக் கீழே எழுதுங்கள். தந்தை பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கொடுங்கள். பீடத்தில் அப்படியே வாசிப்போம்.